சுபாங்கில் இறங்கிய திருவோணம்

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியைச் சாப்பிட்டோமா, வாயை மூடிக்கொண்டு திரும்பினோமா என்று இருக்க வேண்டும். எண்பதுகளில் எனக்கு அது தெரியாமல் போயிற்று. அப்போது நான் மலேசியாவில், கோலா சிலாங்கூரில் தற்காலிக ஆசிரியர். வானவியல் பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்திருந்தேன். (ஒன்றுமே படிக்காதவன்கூட இவ்வளவு பேசமாட்டான்.)

பெண் கௌசல்யா, பக்கத்துத் தோட்டத்தில் கூலியாள்களை மேய்க்கும் மண்டோரின் மகள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே! ஜாதகப் பேச்சு வந்தபோது மண்டோர், "பொண்ணு நட்சத்திரம் திருவோணம்" என்றார். எனக்குள் இருந்த விஞ்ஞானி துள்ளி எழுந்தான்.

"அது ஜாதகத்துல மட்டும் இல்லைங்க மாமா." (அதற்குள் மாமா!) "மேல நெசமாவே இருக்கு. நமக்கு ரொம்பக் கிட்டக்க இருக்கிற நட்சத்திரம். வாங்க, காட்டுறேன்."

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கேட்டால்தானே? பெண், அவள் பெற்றோர், பலகாரத் தட்டோடு நின்ற அவள் சித்தி எல்லாரையும் வீட்டு முன்னாலிருந்த திடலுக்குக் கூட்டிப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. வானம் முழுக்க மேகம். வடக்கே மட்டும் கொஞ்சம் விலகி, அங்கே ஒற்றைப் புள்ளி ஜொலித்தது.

"அதோ, அதுதான் உங்க நட்சத்திரம்" என்றேன் கௌசல்யாவிடம். "சூரியன் தன்னைத்தானே ஒரு சுத்து சுத்த கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும். இதுக்கு அரை நாள்கூட வேணாம். சுத்துற வேகத்துல இடுப்பே பிதுங்கிப்போச்சு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் தாலியே கட்டிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"தம்பி," என்றார் மண்டோர் மெதுவாக, "அது நகருது லா."

"வேகமா சுத்துது இல்லைங்களா, அதான்..." என்றேன். (இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. பிறகு உறுமல் கேட்டது. எங்கள் தலைக்கு மேலாகவே போயிற்று.

"சுபாங் ஏர்போர்ட்ல எறங்கப் போவுது போல" என்றார் சித்தி. கௌசல்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என்னை விட்டு வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மறுவாரம், பெண்ணுக்குச் சம்மதம் என்று ஆள் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் காரணம் கேட்டேன்.

"முன்ன வந்தவங்கல்லாம் நட்சத்திரம் பொருந்துதான்னுதான் பார்த்தாங்க. நீங்கதான் அது எங்க இருக்குன்னு தேடுனீங்க. கெடைக்கலன்னாலும்" என்றாள். அன்று அவளிடம் விழுந்தவன்தான், இன்னும் எழவில்லை.

மேகமில்லாத நாள்களில் உண்மையான திருவோணத்தை வீட்டாருக்கு இன்றும் காட்டுகிறேன். மனைவி, மகள், மருமகன், பேத்தி, ஒருவரும் உடனே ஒத்துக்கொள்வதில்லை. நகர்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார்கள்.