கிளிக் வராத கல்யாணம்

டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி. போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனால், வேண்டிய இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று ஒருதரம் நாக்கைச் சொடுக்கும். ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்குள் நுழைந்தால் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. இருபது வருடமாகக் கேட்கிறேன். ஆனால் பேச்சியம்மாவின் கல்யாணத்துக்குப் பிறகு அதைக் கேட்டால் முதலில் எனக்குக் காது சிவக்கிறது. பிறகு மெல்ல, யாரோ தோளில் கை போட்ட மாதிரி, ஒரு நன்றி வந்து நிற்கிறது.

அசெம்ப்ளி லைனில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் எடுக்கிறவன் நான். தரக் கட்டுப்பாட்டு ஆள். பாடம் ஒரே வரி: "கிளிக் வராம கை எடுக்காதே." இந்த ஒரு வரியை ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், தான் மட்டும் அதை மறந்தான் என்பதுதான் கதை.

கேமரா வாங்கப் போவதாக நான் வீட்டில் அறிவித்தது பொங்கலன்று. வாங்கியது ஆடியில். நடுவில் இருந்த மாதங்கள் டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா என்ற கேள்வியிலேயே கரைந்தன. டிஎஸ்எல்ஆருக்குள் ஒரு கண்ணாடி இருக்கிறது. பட்டனை அழுத்தினால் அது எகிறி அடித்து 'க்ளாக்' என்று சத்தம் போடும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. எடை குறைவு. எடுத்த படத்தை அங்கேயே போனுக்கு அனுப்பலாம். சைலன்டில் போட்டால் சத்தமே வராது. பூ மலர்கிற சத்தத்தில் படம் எடுக்கலாம்! (இப்படியெல்லாம் அன்று பேசினேன். வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள்.)

நோட்டுப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிக் கேட்டேன். ஒருநாள் என் மனைவி ரேவதி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"கண்ணாடி வச்சது வேணுமா, கண்ணாடி இல்லாதது வேணுமா, அவ்ளோதானே? பீரோ வாங்கறப்ப நான் ஒரே நிமிஷத்துல சொல்லல?"

மண்ணூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாஸ்கரிடமும் போனேன். கல்யாணம், காதுகுத்து என்று அந்தப் பக்கத்து முகங்களையெல்லாம் எடுத்துத் தள்ளியவன்.

"சார், என்னோட பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு சும்மாதான் கீது. எட்துகினு போய் ஓட்டிப் பாருங்க" என்றான்.

"உலகம் மாறிகிட்டு இருக்கு பாஸ்கர்."

"உலகம் மாறட்டும் சார். மேடையில நிக்கறவன் மாற மாட்டான். அந்த சத்தம் நமக்கில்ல. எதிர்ல நிக்கறவனுக்கு."

நான் சிரித்தேன். ஒன்றும் அறியாதவனைப் பார்த்து அறிவாளி சிரிக்கும் சிரிப்பு. அதற்கான தண்டனை ஆவணியில் வந்தது.

பேச்சியம்மா எங்கள் லைனில் வேலை செய்கிற பெண். சங்கரன்கோவில் பக்கம். ஏ ஷிப்ட் பஸ் ஓட்டும் மண்ணூர்க்காரன் தினேஷைக் காதலித்தாள். அவள் அப்பா, "அந்தக் கல்யாணத்துல என் நிழல்கூட விழாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதோடு எட்டு மாதம் பேச்சில்லை. அம்மா மட்டும் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார்.

"சார், நீங்கதான் போட்டோ எடுக்கணும்" என்று ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் வந்து நின்றாள். பாஸ்கருக்கு அன்று ஸ்ரீபெரும்புதூரில் வேறு கல்யாணம். "மத்தது எப்படி வந்தாலும் சரி. தாலி கட்டுத படம் ஒண்ணு மட்டும் நல்லா வேணும். எடுத்த உடனே எங்க அம்மைக்கு அனுப்பிருங்க. அவ பாத்துக்கிட்டே இருப்பா சார்."

நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். போல்ட்டை முறுக்கி முறுக்கிக் காய்ப்பேறிய கை. எந்தக் கேமரா வாங்கலாம் என்பதற்கு ஆறு மாதம் யோசித்தவன், இதற்கு ஒரு நொடிகூட யோசிக்காமல், "கவலைப்படாதே, நான் இருக்கேன்" என்றேன்.

மண்ணூர் மண்டபம். மேடை முழுக்க எல்இடி விளக்கு, பகலைக் கூப்பிட்டு வந்து கட்டிப் போட்ட மாதிரி. கேமராவை சைலன்டில் போட்டேன். அதற்குத் துணையாக என் போனையும் சைலன்டில் போட்டேன். போதாததற்கு, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் வயசாகத் தெரிகிறதென்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கண்ணாடி இல்லாத கேமரா, கண்ணாடி இல்லாத ஆள்.

கெட்டிமேளம். தினேஷ் தாலியை எடுத்தான். பேச்சியின் இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்து அழுத்தினேன். அடுத்த நிமிடம் படம் சங்கரன்கோவிலுக்குப் பறந்துவிட்டது. போனின் சின்னத் திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மங்கலாக ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். அதையே நான் அழகு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு குரூப் போட்டோ. எங்கள் லைன் ஆட்கள் பதினான்கு பேர் சுவர்க்கடிகாரப் பரிசோடு மேடையேறினார்கள். நின்றார்கள். சிரித்தார்கள். எடுத்தேன்.

யாரும் நகரவில்லை.

"எடுத்தாச்சுப்பா, எறங்குங்க."

"கிளிக் வரலியே சார்" என்றான் ஒருவன், சிரித்த வாய் மூடாமல்.

"இதுல வராது. மிரர்லெஸ்."

"கிளிக் வராம எப்படி சார் ஓகே? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பதினான்கு பேரும் தலையாட்டினார்கள். மேடையிலேயே அவர்களுக்கு மிரர்லெஸ் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பரிசுப் பொட்டலங்களோடு வரிசை சாப்பாட்டுக் கூடம் வரை நீண்டது. பந்தியில் சாம்பார் ஆறியது. தினேஷின் பெரியப்பா கத்தினார்:

"இன்னாபா, போட்டோ புடிக்கிறியா, இல்ல மொறச்சிகினு நிக்கிறியா?"

கடைசியில் லைன் லீடர் மல்லிகா என் காதருகே வந்தாள். "சார், சத்தத்தப் போடுங்க. இல்லன்னா இவங்க நாளைக்கும் இங்கதான் நிப்பாங்க."

சைலன்டை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் எடுத்தேன். கிளிக்! மேடையே கைதட்டியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆறு மாத ஆராய்ச்சியின் மானம் தடுத்தது. மறுபடி சைலன்டில் போட்டேன். அடுத்து வந்த குடும்பமும் இறங்காமல் நின்றபோது, என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் நானே வாயால், "கிளிக்!" என்றேன்.

உடனே இறங்கினார்கள். அன்று முழுக்க அப்படியே ஓட்டினேன். நாற்பத்தேழு வயது தரக் கட்டுப்பாட்டு அதிகாரி, பட்டுச் சட்டையில், நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி ஒரு கல்யாணத்தை முடித்தேன். மாலையில் நாக்கு தடித்துவிட்டது. போனில் ஏதோ தெரியாத நம்பரிலிருந்து பதினோரு மிஸ்டு கால். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், கேட்டருகே ஒரு பெரியவரும் ஓர் அம்மாவும். கசங்கிய உடை. பெரியவர் ஒரு ரெக்சின் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவன் நான்தான், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பேச்சியம்மான்னு ஒரு பிள்ள. தெரியுமா?"

"எங்க லைன்தாங்க."

"அவள எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காவ?"

எங்கள் தொழிலில் ஸ்டேஷன் என்றால் லைனில் ஒருவர் நின்று வேலை பார்க்கும் இடம். எனக்கு வேறு அர்த்தமே தெரியாது.

"ஒன்பதாவது ஸ்டேஷன்" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். "ஒம்பது ஸ்டேஷன் மாத்திட்டாவளா!"

"மொதல்ல மூணுல இருந்தா. அவ கைவேலையப் பாத்து நாங்கதான் ஒன்பதுக்கு மாத்தினோம்" என்றேன் பெருமையாக.

"இப்ப பாக்க விடுவாவளா?"

"இப்ப வெளியதான் இருக்கா. வியாழக்கிழமை காலைல மறுபடி உள்ள வந்துடணும்."

பெரியவர் பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். "வீட்டுப் பத்திரம். ஜாமீனுக்கு இது போதுமா, இல்ல இன்னும் ஆளு வேணுமா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா போனை நீட்டினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டேன். (இரண்டு நாளில் முதல் தடவையாக.)

நான் அனுப்பிய படம். மாலையும் கழுத்துமாகப் பேச்சி, கண்ணில் அந்தத் துளி. அவள் மேல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மேலிருந்து கீழாகக் கருப்புக் கருப்பாகக் கம்பிகள். சிறைக் கம்பி தோற்றது.

"தாலி ஏறும்போதே கம்பிக்குப் பின்னால நிக்காளே ஐயா" என்றார் அம்மா. "இவுக போன் போட்டா ஒருத்தரும் எடுக்கல. அவளுக்கும் அடிச்சோம், படம் வந்த நம்பருக்கும் அடிச்சோம். காதல் கல்யாணம்னு போலீசு புடிச்சிட்டுன்னு நெனச்சிட்டோம். பஸ்ஸு ஏறணும்னு மொத சொன்னதே இவுகதான்."

நிழல்கூட விழாது என்று சொன்ன மனிதர். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, இருந்த ஒரே வீட்டின் பத்திரத்தோடு என் முன்னால் நின்றார். நான் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

மண்ணூரில் தினேஷ் வீட்டு வாசலில் பேச்சி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த வாளி விழுந்தது. அவர் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார், எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று. பிறகு, "போன எடுக்கதுக்கு என்னட்டி?" என்றார். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வாக்கியம்.

"சார்ஜ் இல்லப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். அந்தப் பத்திரக் கவர் இருவருக்கும் நடுவில் நசுங்கியது.

பாஸ்கர் வந்து என் கேமராவைப் பார்த்தான். எல்லாப் படத்திலும் பட்டை. "எல்இடி லைட்டு நம்ம கண்ணுக்குத் தெரியாம அணைஞ்சி அணைஞ்சி எரியும் சார். சைலன்ட்ல போட்டா கேமரா வரி வரியாத்தான் படத்தப் படிக்கும். அணைஞ்ச நேரத்து வரியெல்லாம் கருப்பு. நெட்டுக்குத் திருப்பினா கம்பியா நிக்கும்."

ஒரே ஒரு படம் சுத்தமாக இருந்தது. மல்லிகா அதட்டி எடுக்கவைத்த படம். கிளிக் வந்த படம்.

பேச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நல்லா எடுத்திருந்தா எங்கப்பா வந்திருப்பாகளா?" என்றாள். அந்த வார்த்தையில்தான் இன்றுவரை நான் தலைநிமிர்ந்து நடக்கிறேன். ஆனாலும் அவள் மகனுக்கு நான் 'கிளிக் மாமா'தான். எங்கள் வீட்டில் யார் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தாலும், "வாயால போட்டோ புடிக்கணும்னா சொல்லுங்க, இவர அனுப்பறேன்" என்கிறாள் ரேவதி. அந்தக் கம்பிப் படம்தான் பேச்சி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாலை பேச்சியின் அப்பா அம்மாவை வழியனுப்ப சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனோம். பாஸ்கரின் பழைய டிஎஸ்எல்ஆர் என் கழுத்தில் செங்கல்லாகத் தொங்கியது. பெரியவர் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இப்போது கம்பிக்குப் பின்னால் அவர். கீழே நின்று எக்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் பேச்சி.

"எப்பா, கிளிக் வராம கைய எடுத்திராதீய. எங்க கம்பெனி சட்டம்."

கண்ணாடி போட்டிருந்தேன். ஆனாலும் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. அழுத்தினேன். உள்ளே கண்ணாடி எகிறி அடித்தது. க்ளாக்! டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

இருவரும் கையை எடுக்கவில்லை. விசில் அடித்தார்கள். பஸ் உறுமியது. பெரியவர் குனிந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார்.

"கிளிக் கேட்டுட்டு தாயி. இனி கைய எடு."