தாமதமாகப் புறப்பட்ட லேப்டாப்

லாரி ஓட்டாமல் இனி ஒரு நாள்கூட இருப்பதில்லை என்று மருந்துக்கடைக்காரர் சபதம் எடுத்த அன்று, அவரிடம் லாரியே கிடையாது. லேப்டாப்புக்குள் விளையாட்டாக ஓடிக்கொண்டிருந்த ஒரே லாரியையும் மனைவி அழித்துவிட்டிருந்தாள்.

அழித்ததில் நியாயம் இருந்தது. கொட்டும் மழையில் அவள் ரயில் நிலைய வாசலில் குடையில்லாமல் நிற்க, "இதோ, கிளம்பிட்டேன்" என்று போனில் சொன்ன மனிதர், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பதினெட்டுச் சக்கர லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த "இதோ"வுக்குப் பின்னால் பீப் பீப் என்று ரிவர்ஸ் ஹாரன் கேட்டது.

அந்த நிலையத்தில் ரயில்களை அறிவிப்பவள் அவள்தான். வீட்டிலும் அதே குரல். கோபம் வந்தால் கத்தமாட்டாள், அறிவிப்பாள்.

"கவனிக்கவும். இன்னொரு தடவை லாரியைத் தொட்டீங்கன்னா, என் தம்பி வயலினோட வந்து முன்னறையில தங்குவான்."

"எத்தனை நாளைக்கு?"

"வாசிக்கக் கத்துக்கிற வரைக்கும்."

மச்சினன் வயலின் வில்லைக் கையில் எடுத்தாலே தெருநாய்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும். முன்னறையில்தான் அவருடைய சாய்வு நாற்காலி, மின்விசிறி, ஞாயிற்றுக்கிழமை எல்லாமே இருந்தன.

ஆனாலும் சபதம் சபதம்தானே. ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் கம்ப்யூட்டர் வேலையும் பார்ப்பவர். மெஷினோடு பழகிப் பழகி எதையும் இரண்டு பிரதியாகத்தான் பேசுவார்.

"ஒரே லேப்டாப்புல ரெண்டு சிஸ்டம் போட்டுரலாம் சார், போட்டுரலாம். ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு லாரிக்கு, லாரிக்கு. வாசல்ல பூட் லோடர்னு ஒருத்தனை உட்கார வைப்போம். லேப்டாப்பைத் தட்டினதும் முதல்ல கண்ணு முழிக்கிறவன் அவன்தான். எந்த சிஸ்டத்தை எழுப்பட்டும்னு கேப்பான், கேப்பான்."

"என் வீட்டம்மா தட்டினாலும் கேப்பானா?"

"கண்ணை மூடித் திறக்குற நேரம்தான். கீழ் அம்புக்குறி பட்டனை அழுத்தலைன்னா தானா வீட்டு சிஸ்டத்துக்குள்ள போயிருவான், போயிருவான்."

"வெளியில சொல்லிட மாட்டீங்களே?"

"ஒரு வார்த்தை போகாது சார், போகாது."

இரண்டு தடவை சொன்னதில் மருந்துக்கடைக்காரருக்கு இரட்டிப்பு நிம்மதி.

அட்டையைப் பார்க்காமலே மாத்திரை பிதுக்கும் விரல்கள் அவருடையவை. கண்ணை மூடித் திறக்குற நேரம் அவருக்குத் தாராளம். மனைவி வேலைக்குப் போனால் போதும். அம்பை அழுத்துவார், லாரி கிளம்பும். நாலாம் நாளே சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் கியர் மாற்ற ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, லேப்டாப் தாமதமாப் புறப்படுதே."

கரண்டி நியூட்ரலுக்கு வந்தது. "அப்படியா?"

"முன்னெல்லாம் தட்டினதும் வந்துரும். இப்ப வாசல்ல ஒரு நொடி நின்னு, யாரையோ ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"வயசாகுதும்மா. உனக்கும் எனக்கும் ஆகலையா?"

"எனக்கு ஆகலை."

"அப்ப தூசியா இருக்கும். நான் துடைக்கிறேன்."

"எதுக்கு? நீங்க நாள் பூரா கடையில நிக்கிறீங்க. நான் அந்த ஜெராக்ஸ்காரர்கிட்ட குடுத்துத் துடைச்சு வாங்கிட்டு வரேன். நல்ல மனுஷர்தானே?"

வாயில் போன கவளம் பாதி வழியில் ரிவர்ஸ் எடுத்தது. "நல்லவர்" என்றார். "நல்லவர்."

லேப்டாப் கடைக்குப் போன நாளெல்லாம் அவர் இருமல் கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஜெராக்ஸ்காரருக்குப் போன் போட்டார்.

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லலை சார், சொல்லலை."

மனைவியும் சிரித்த முகத்தோடுதான் திரும்பி வந்தாள். "தூசியேதாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் காது கேட்டிராத வாக்கியம். சட்டையின் மேல் பொத்தான் தெறிக்காததுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் இவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, லேப்டாப்பைத் தட்டி, அம்பை அழுத்தினார்.

திரையில் மூன்று வரிகள். வீடு. லாரி. அதற்குக் கீழே புதிதாக ஒன்று: லாரி, மலைப்பாதை.

அவருக்குப் புல்லரித்தது. சமவெளியிலேயே ஓட்டி ஓட்டிச் சலித்தவர், கொண்டை ஊசி வளைவுகளுக்காகக் கனவு கண்டவர். ஜெராக்ஸ்காரர் எப்போதுமே ஒரு பிரதி கூடப் போடுகிற கைதானே. துடைக்கக் கொடுத்த இடத்தில் சத்தமில்லாமல் மலையையே ஏற்றி அனுப்பிவிட்டாரே என்று மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

திரை இருண்டது. டிங், டாங், டிங்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மலைப்பாதை வழியாகச் செல்லவேண்டிய பதினெட்டுச் சக்கர லாரி இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது. வயலினுடன் வரும் மச்சினர் இன்னும் சற்று நேரத்தில் முன்னறைக்கு வந்து சேருவார். சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பவர் உடனடியாகச் சமையலறைக்கு மாறிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

தெருவுக்கே கேட்கிற சத்தம். குறைக்கிற பொத்தான் வேலை செய்யவில்லை. மூடியைச் சாத்தித் தரையில் வைத்தார். தலையணையை வைத்து அமுக்கினார். தலையணைமேல் தானே ஏறி உட்கார்ந்தார். அவருக்கு அடியிலிருந்து, டிங், டாங், டிங், அறிவிப்பு முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடியது.

இரண்டு பிரதி. யார் கைவேலை என்று அப்போதுதான் விளங்கியது.

கேட் திறந்தது. தோளில் வயலின் பெட்டியோடு மச்சினன்.

"வரேன் அத்தான். சத்தம் கேட்ட பிறகுதான் உள்ள வரணும்னு அக்கா சொல்லியிருந்தா. தெருமுனையிலேயே நின்னுக்கிட்டிருந்தோம். நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு."

அவனுக்குப் பின்னால் குடையை மடக்கியபடி மனைவி.

"தூசி துடைச்சுக்கிட்டிருந்தேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், தலையணையை விட்டு எழாமலே.

மனைவி தம்பியின் பெட்டியை வாங்கிச் சாய்வு நாற்காலியின்மேல் பக்குவமாக வைத்தாள்.

"ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றாள்.