கணையத்திற்கு ஒரு வரவேற்புரை

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது வரவேற்புரை. மருந்து, மாத்திரை, மயக்க ஊசி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாக வரவேற்புரை எழுதிவரும் மக்கள் தொடர்பு அலுவலன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

அன்று எங்கள் மருத்துவமனை 'வரலாறு படைத்தது'. சர்க்கரை நோய்க்கு மரபணு சிகிச்சை. முதல் நோயாளி என் அக்கா. அவள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பன்னிரண்டு வயதிலேயே செத்துப்போயின. அன்றிலிருந்து நாளுக்கு நான்கு ஊசி. தையல்காரி, இப்போது கண்ணும் மங்கி, துணி எது தன் விரல் எது என்று தடவிப் பார்த்துத்தான் தைக்கிறாள்.

சிகிச்சை எளிது. தீங்கில்லாத ஒரு வைரஸ் மரபணுவைச் சுமந்துகொண்டு கணையத்துக்குள் போகும். அங்கே வேறு வேலை பார்க்கும் செல்களிடம், "இனிமேல் இன்சுலினையும் நீங்களே பாருங்கள்" என்று உத்தரவு கொடுக்கும். காலி இருக்கையின் வேலையைப் பக்கத்து மேசைக்காரர் தலையில் 'கூடுதல் பொறுப்பாக'க் கட்டுவதுதான். எங்கள் நிர்வாகத்துக்கு உடனே புரிந்த ஒரே அறிவியல் அது.

நிபந்தனைகள் இரண்டு. உறைபெட்டியிலிருந்து எடுத்த மருந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்புக்குள் போயாக வேண்டும். இன்னொன்று, ஆயுளுக்கு ஒரே தடவை. அதன்பிறகு உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டு வாசலிலேயே விரட்டிவிடும்.

விழாக் குழு ஏழு முறை கூடி இரண்டையும் 'குறித்துக்கொண்டது'. பிறகு மருந்துக் குப்பியை மேடையில், சிவப்பு வெல்வெட் தட்டில், நான்கு விளக்குகளுக்குக் கீழே வைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. நானும் கையைத் தூக்கினேன்.

"காலிக் குப்பி வைக்கலாமே சார்," என்றார் மருந்துக்குப் பொறுப்பான செவிலியர்.

"நாம நேர்மையான நிறுவனம்மா," என்றார் இயக்குநர். "பத்திரிகைக்காரங்கள ஏமாத்தக் கூடாது."

நேர்மை என்றால் அதுவல்லவா நேர்மை.

பத்து மணிக்குக் குப்பி மேடையேறியது. பக்கத்து அறையில் அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்தாள். என் வரவேற்புரை பதினோரு பக்கம். இயக்குநர் ஒரு வரியைக்கூட விடவில்லை. தம்மைப் பாராட்டியிருந்த பத்தியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். அவருக்குப் பின் ஐந்து பேர் 'சுருக்கமாக' வாழ்த்தினார்கள்.

பதினொன்றே காலுக்குச் செவிலியர் என் காதருகே குனிந்தார்.

"மருந்து போச்சு சார். இனி அது வேலை செய்யாது. ஆனா உடம்பு அதை ஞாபகம் வச்சுக்கும். இதைப் போட்டுட்டா உங்க அக்காவுக்கு இன்னொரு வாட்டி போடவே முடியாது. தடுத்துடுங்க."

இயக்குநரிடம் ஓடினேன். "உறைபெட்டில இன்னும் மூணு குப்பி இருக்கு சார். நாளைக்குப் போடலாம்."

"நாளைக்குக் கேமரா வருமா?"

"வராது சார்."

"அப்புறம்?"

அசைக்க முடியாத வாதம். மேலும், அலுவலக ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே. உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்குடா. நீ இருக்கேல்ல?"

"இருக்கேன்க்கா."

இருந்தேன். மருந்தைக் கணையத்துக்குக் கொண்டுபோகும் குழாய் வாய்வழியாக இறங்கியது. கேமராக்கள் மின்னின. எல்லாம் நிகழ்ச்சி நிரல்படி.

மூன்று மாதம் ஆயிற்று. சர்க்கரை அப்படியே, நான்கு ஊசியும் அப்படியே. அந்த வைரஸ் இனி எப்போது வந்தாலும் விரட்ட அவள் உடம்பு தயாராக இருப்பதாகப் பரிசோதனை சொன்னது. விசாரணைக் குழு ஒரே அமர்வில் உண்மையைக் கண்டறிந்தது. அறிக்கை எழுதும் பெருமை எனக்கே கிடைத்தது. நோயாளியின் ஒப்புதல் கையெழுத்துக்காக அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

"என்ன போட்டிருக்கு? எனக்கு எழுத்து தெரியல, நீயே படி."

"'மருந்து சிறந்தது. நோயாளியின் உடல் ஒத்துழைக்கவில்லை.'"

அக்கா ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"என் உடம்பு எப்பவுமே இப்படித்தான். என்னால உனக்குத்தான் ஆபீஸ்ல கெட்ட பேரு. மன்னிச்சுக்கடா."

"பரவாயில்லக்கா," என்று பெருந்தன்மையோடு மன்னித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் விரலை எடுத்து வைத்தேன்.