பொலோன்யாவில் எட்டுக் கையொப்பங்கள்

2018 நவம்பர் 17, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு ஐம்பது; தூறல், எட்டு டிகிரி குளிர். பொலோன்யா நகரத்து உணவகம் ஒன்றின் பூட்டிய கண்ணாடிக் கதவை ஹார்ட்முட் மூன்றாம் முறையாகத் தட்டினார். ஓய்வுபெற்ற நில அளவையாளரான அவர் ஓஸ்னாப்ரூக் நகரப் பந்துருட்டு விளையாட்டுச் சங்கத்தின் தலைவர். காலையில் பார்த்த அருங்காட்சியகத்தின் இருபத்திரண்டு அறைகளில் ஒன்றையும் விடக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதத்தில் மதியச் சமையல் முடிந்துபோயிருந்தது.

"அடுப்பை அணைச்சாச்சு. ராத்திரி ஏழரைக்கு வாங்க, ஒன்பது பேருக்கு மேசை எடுத்து வைக்கிறேன்," என்றாள் பரிமாறும் பெண்.

பின்னால் உறுப்பினர்கள் எட்டுப் பேர் நனைந்துகொண்டிருந்தனர்.

"பதினேழாம் அறையில ஒரு உடைஞ்ச பானை இருந்துச்சே, அதுல ஏதாவது மிச்சம் இருந்திருக்குமோ?" என்றார் ஹோல்கர்.

சிரிப்பு எழுந்தது, ஹார்ட்முட் திரும்பியதும் அடங்கியது. அதற்குள் ஒரு தாள் கைமாறியதை அவர் கண்டுவிட்டார். மேலே அவர் பெயர். கீழே ஐந்து கையொப்பங்கள்.

தலைவர் நீடிப்பதா, விலகுவதா என்பதை ஆண்டுப் பயணத்தின் முடிவில் உறுப்பினர்கள் எழுதித் தர வேண்டும். அவ்விதியை எழுதியவரும் அவரே. மனைவி மார்லீஸ் இறந்தபின், அவர் வரவில்லையென்றால் ஏனென்று கேட்கும் இடம் அந்தச் சங்கம் ஒன்றுதான். இன்னும் மூன்று கையொப்பங்களே பாக்கி.

"மலைக்கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம். வழி முழுக்கக் கூரை. ஒரு சொட்டு மேல படாது," என்றார்.

கூரை இருந்தது, ஒரு பக்கம் சுவர் இல்லை. மழை அந்தப் பக்கமாக வந்தது.

வழியில் கூரையைத் தாங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட தூண்வளைவுகள். நானூறாவதில் ஹோல்கரின் முழங்கால் மறுத்தது. அவர் மனைவி ரெனாட்டேயின் காலணி வாய்பிளந்தது.

"லேசான ஏத்தம்னு சொன்னாரே மனுஷன்!"

"நிலத்தை அளந்தவருடி. காலை அளந்து பழக்கமில்ல."

ஊரில் ஒரே மேசையில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ளாத அவ்விருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, சிரித்தபடி இறங்கினர். இது சதியின் அறிகுறி என்றே ஹார்ட்முட் முடிவுசெய்தார்.

எட்டேகாலுக்குத் திரும்பியபோது அவர்களுடைய மேசையில் வேறொரு குடும்பம் சூப்பில் மிதக்கும் தோர்தெல்லினி என்ற பூரணம் வைத்த மாவுத்துண்டுகளைக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரம்தான் காத்திருப்போம், ஐயா," என்றாள் அதே பெண்.

சனிக்கிழமை இரவில் ஒன்பது பேருக்கு எங்கும் இடமில்லை. கடைசியில் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே, குளிர்ந்த ரொட்டியை மென்றனர்.

"ஊரே சாப்பாட்டுக்குப் பேர்போனது. நமக்குக் கிடைச்சது ரயில்வே ரொட்டி!" என்றார் ஹோல்கர்.

"அந்தத் தாளைக் குடுங்க. இப்பவே போட்டுடறேன்," என்றாள் ரெனாட்டே. ஹோல்கரும் போட்டார். இருவர் முகத்திலும் அப்படியொரு மலர்ச்சி.

ஞாயிறு காலை, நடைமேடையில், ஹார்ட்முட் தாமாகவே தொடங்கினார்: "திட்டம் போடறதை வேற யாராவது பாத்துக்கட்டும். தலைவர் நாற்காலியை மட்டும் எனக்கு..."

வாக்கியம் முடியவில்லை. இரண்டு நாளாக வாய் திறக்காத செயலாளர் எல்கே தாளை நீட்டினாள். எட்டுக் கையொப்பங்கள். "ஹார்ட்முட் ஆயுள் முழுவதும் தலைவராக நீடிப்பார். பயணத் திட்டத்தையும் அவரே வகுப்பார்."

இரண்டு முறை படித்தார்.

"எம்மேல இவ்வளவு பிரியமா?"

எல்கே பேனாவை மூடினாள்.

"போன வருஷம் நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க, பயணத்துல ஒரு குறையும் இல்ல. திட்ட ஆளில்லாம ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டோம், தலைவரே. ரெண்டு குடும்பம் பிரிஞ்சது அதுலதான்."