ஈரம் குடிக்கிற மெசின்

சௌக்கத் அலி உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்தார். கை நனைந்திருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஈரம்தான்.

"ஜெரினா, இங்க வந்து இந்தச் சுவத்தத் தொட்டுப் பாரு."

ஜெரினா சமையலறையிலிருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை முந்தானையிலேயே துடைத்தாள்.

"மெசின் போட்டா ஈரம் கம்மியாவும்னு சொன்னீங்க. நேத்துக்கு இன்னிக்கி ஜாஸ்தியால்ல கீது."

"சுவத்துக்குள்ள கீற தண்ணிய வெளிய இழுக்குது. மொதல்ல அப்டித்தான் இருக்கும்."

"யாரு சொன்னது?"

"கமாலு."

"கமாலு" என்று ஜெரினா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு இருமிக்கொண்டே உள்ளே போனாள்.

ராயபுரத்தில் அந்தத் தெரு துறைமுகத்துக்கு மிக அருகில் இருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டில் எதுவும் காயாது. உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். தீப்பெட்டி பற்றாது. அலமாரியில் மடித்து வைத்த துணியெல்லாம் பூசணம் பிடித்து நாறும். வண்ணாரப்பேட்டையில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருந்த சௌக்கத் அலிக்கு இதெல்லாம் பழக்கம். ஆனால் இரண்டு வருஷமாக ஜெரினாவுக்கு இழுப்பு வந்திருந்தது. மழைக்காலத்தில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். பக்கத்தில் படுத்திருக்கும் சௌக்கத் அலி அவள் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டபடி விழித்துக் கிடப்பார். "மருந்து கொடுக்கலாம் பாய். ஆனா வீட்டுல ஓதம் இருக்கிற வரைக்கும் நெஞ்சு சரியாகாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட அன்றைக்கே சௌக்கத் அலி தன் தோஸ்து கமாலைத் தேடிப் போனார். பழைய சாமான்களை ஏலம் எடுத்து விற்பது கமாலின் தொழில். மணலிப் பக்கம் மூடிப்போன ஒரு மருந்துக் கிடங்கிலிருந்து எடுத்து வந்த பொருள் ஒன்று அவனிடம் இருந்தது. பீரோ உயரம். பச்சை வண்ணம். பக்கவாட்டில் பெரிய பெரிய ஓட்டைகள்.

"இது இன்னாடா?"

"காத்துல கீற ஈரத்த அப்டியே உறிஞ்சிடும் மாமு. ஃபாரின்ல வூட்டுக்கு ஒண்ணு வச்சிக்கினு கீறாங்க. ஒரு ரூமுக்கு இல்ல, மொத்த வூட்டுக்கும் இது ஒண்ணு போதும். குழாய் போட்டு ரூமு ரூமா இழுத்துடலாம்."

அதன் ஆங்கிலப் பெயரைக் கமால் மூன்று விதமாகச் சொன்னான். மூன்றும் தப்பு. வீட்டுக்கு வந்த பிறகு ஜெரினா அதை 'உறிஞ்சி' என்றாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

புதன்கிழமை உறிஞ்சி வேலையைத் தொடங்கியது. கூடத்தில் அதை நிறுத்தி, இரண்டு அறைக்கும் சமையலறைக்கும் தகரக் குழாய் ஓட்டினார்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்தார்கள். மாவு மில் ஓடுவது மாதிரி சத்தம் வந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் கீழே வைத்த பக்கெட் நிறைந்தது. அப்பளம் நொறுங்கியது. அன்று இரவு ஜெரினா படுத்துத் தூங்கினாள். அவள் படுத்துத் தூங்கியதைப் பார்த்து சௌக்கத் அலிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில்தான் சுவர் இப்படி நனைந்திருந்தது. சுவர் என்றால் எல்லாச் சுவரும் இல்லை. ஒரே ஒரு சுவர்.

அந்தச் சுவர் சௌக்கத் அலியின் வாப்பா கட்டியதல்ல. வாப்பா கட்டியது ஒரே வீடு. அதை நடுவில் மறித்து இந்தச் சுவரை எழுப்பியவர்கள் சௌக்கத் அலியும் அவருடைய அண்ணன் மஜீதும். இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் மஜீதின் குளியலறை. மஜீதின் மனைவி இறந்துவிட்டாள். மகள் திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். அவர் தனியாக இருந்தார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது. சௌக்கத் அலியின் மகள் நவ்ரீன் நிக்காஹ் அன்று, சம்பந்தி வீட்டார் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மஜீது ஒரு வாய் பிரியாணியை எடுத்து வைத்துவிட்டு, "உப்பு பத்தல" என்று சத்தமாகச் சொன்னார். அவ்வளவுதான் விஷயம்.

"அந்தாளுதான் பைப்பத் தொறந்து விட்டுக்கினு கீறாரு" என்றார் சௌக்கத் அலி. "மெசின் எறங்கறத வாசல்ல நின்னு பாத்தாரு. பொறாமை."

"ஒரு எட்டு போய்க் கேட்டா இன்னா?"

"நான் போவணுமா? அந்த வூட்டு வாசப்படிக்கா?"

ஜெரினா பதில் சொல்வதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக்.

இருவரும் உறிஞ்சியைப் பார்த்தார்கள்.

"நேத்து இந்தச் சத்தம் இல்லியே" என்றாள் ஜெரினா.

சௌக்கத் அலி கமாலுக்குப் போன் போட்டார். கமால் வந்து இடுப்பில் கைவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"கம்ப்ரசரு மாமு. வேற ஒண்ணும் இல்ல. புது எடம், புது தண்ணி. செட் ஆவ ரெண்டு நாள் புடிக்கும்."

"மெசினுக்கு ஏதுடா புதுத் தண்ணி?"

"அதான் பக்கெட்ல புடிக்கிறியே."

லாரி டயரைத் துண்டு துண்டாக வெட்டி உறிஞ்சியின் காலுக்குக் கீழே கொடுத்தார்கள். சத்தம் நின்றது. சௌக்கத் அலி கமாலின் முதுகில் தட்டிக் கொடுத்து, டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்து முடிப்பதற்குள் டொக், டொக், டொக் என்று இன்னும் வேகமாகக் கேட்டது.

"லோடு பத்தல" என்றான் கமால். "மெதுவா ஓடறதால இடிக்குது. ஸ்பீட ஏத்து. ஒண்ணு மட்டும் சொல்றேன் மாமு, எந்தக் காரணத்துக்கும் நிறுத்திடாத. நிறுத்துனா உள்ள கீற தண்ணி திரும்பி கம்ப்ரசர்ல பூந்துடும். அப்புறம் அது காயலான் கடைக்குத்தான்."

வேகத்தை ஏற்றினார்கள். வீட்டில் இருந்த பல்புகளெல்லாம் ஒருமுறை மங்கி எரிந்தன. மின்விசிறி சோர்ந்தது. உறிஞ்சி போட்ட இரைச்சலில் டொக் சத்தம் காணாமல் போனது. பேச்சும் காணாமல் போனது. சாப்பாடு தயார் என்பதை ஜெரினா கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் சுவரில் ஈரம் நிற்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வந்தது. அடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்து தரைக்கு வந்தது. வெளிக்காற்று எங்கோ நுழைகிறது என்று முடிவு செய்த சௌக்கத் அலி, கடையிலிருந்து பெட்டி ஒட்டும் டேப்பைக் கொண்டு வந்து ஜன்னல் இடுக்குகளை எல்லாம் ஒட்டினார். மெசின் கக்கிய சூட்டில் வீடு அடுப்பானது. தேக்கு அலமாரியின் கதவு படீரென்று நீளவாக்கில் வெடித்தது. அது ஜெரினாவின் தாய்வீட்டுச் சீர்.

ஜெரினா வெடித்த கதவைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய உதடும் வெடித்திருந்தது.

"இது வூடா, பிஸ்கோத்து டப்பாவா?" என்று கத்திக் கேட்டாள். அப்போதுதான் கேட்கும்.

"உனக்காகத்தான் இவ்ளோவும்" என்று அவரும் கத்தினார்.

அவர் கடைக்குப் போன நேரத்தில் ஜெரினா முக்காடு போட்டுக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். தெருவில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இரவு அதைக் கணவரிடம் சொன்னாள்.

"எவ்ளோ கூப்ட்டேன், பதிலே இல்ல."

"உள்ள இருந்தாலும் பதில் சொல்ற ஆளா அவரு?" என்றார் சௌக்கத் அலி.

அன்று ஜெரினா மறுபடியும் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனபோது சௌக்கத் அலி வழக்கம் போல முன் வரிசையைப் பார்க்காத மாதிரி பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் மஜீது நிற்கும் இடத்தில் வேறு யாரோ நின்றிருந்தார். ஏழு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூட அந்த இடத்தில் மஜீது இல்லாமல் இருந்ததில்லை. தொழுகை முடிந்ததும் சௌக்கத் அலி சற்று நேரம் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றார். எதற்காக நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு வீட்டுக்கு வந்தார்.

"பைப்பத் தொறந்து வுட்டுட்டு பொண்ணு வூட்டுக்குப் போய்க்கீறாரு" என்றார். "ஊர்ல இருந்தா நாம போய்க் கேப்போம்ல. அதான் கௌம்பிட்டாரு."

"அப்ப பொண்ணுக்குப் போன் போட்டு..."

"நம்பர் இல்ல."

நம்பர் இருந்தது. இருவருக்கும் அது தெரியும்.

வழியும் தண்ணீருக்குத் தடை போட அவர் தார்ப்பாயை எடுத்து வந்து அந்தச் சுவர் முழுக்க ஆணியடித்து மூடினார். ஒவ்வொரு ஆணிக்கும் சுவர் பொத்தென்று உதிர்ந்தது. ஆணி அடித்து முடித்துச் சுத்தியலைக் கீழே வைத்ததும், இரைச்சலையும் மீறி டொக் டொக் என்று கேட்டது. முன்னைவிட வேகம் குறைவாக இருந்தது. விட்டு விட்டு வந்தது. தார்ப்பாயும் லேசாக அதிர்ந்தது.

"பாத்தியா, மெசின் அதிர்ச்சி சுவத்துக்கே வந்துட்ச்சு" என்றார் சௌக்கத் அலி. "இப்படியே வுட்டா சுவரு வுழுந்துடும்."

படுக்கையறையிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி வந்து தார்ப்பாய் மீது சாய்த்தார். அது சரியாமல் இருக்க அலமாரியை நகர்த்தி முட்டுக் கொடுத்தார். சத்தம் அடங்கியது. அவர் அலமாரியில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"அப்பாடா."

ஜெரினா வெறுந்தரையில் உட்கார்ந்தாள். படுக்க மெத்தை இல்லை, மூச்சு விடக் காற்று இல்லை. இருமி இருமி அவள் முகம் கறுத்திருந்தது. அவர் முகம் கழுவப் போன நேரத்தில், தங்கள் ஃபிரிட்ஜை எப்போதும் ரிப்பேர் செய்யும் பீம்ராவுக்கு அவளே போன் போட்டாள்.

பீம்ராவ் வியாசர்பாடியிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. உள்ளே வந்ததும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். உறிஞ்சியை ஒருமுறை சுற்றி வந்தான்.

"பாய், உள்ளதச் சொல்லிட்றேன். இந்த மெசின நான் பாத்ததே இல்ல."

"கம்ப்ரசரு தட்டுது. அத மட்டும் பாரு."

"இப்ப ஒண்ணும் தட்டலயே."

"மெத்தை வச்சதால அடங்கிக் கீது."

பீம்ராவ் அப்போதுதான் மெத்தையைக் கவனித்தான்.

"சுவத்துக்கு இன்னாத்துக்கு பாய் மெத்தை? தூங்க வச்சிக்கீறீங்களா?"

ஜெரினா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"மொதல்ல இத நிறுத்துங்க" என்றான் பீம்ராவ். "ஓடிக்கினு இருக்கற மெசின்ல நான் கை வைக்க மாட்டேன்."

"நிறுத்தக் கூடாதுன்னு கமாலு சொல்லிக்கீறான்."

"அப்ப கமாலயே கூப்ட்டுக்கோங்க."

அவன் பையைத் தூக்கித் தோளில் போட்டான். சௌக்கத் அலி ஜெரினாவைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.

"சரி. நிறுத்து. கெட்டா கெட்டுப் போவட்டும்."

பிளக் போட்டிருந்த இடம் அந்தச் சுவரில்தான் இருந்தது. மூவருமாக அலமாரியை நகர்த்தி, மெத்தையை இழுத்துப் போட்டு, தார்ப்பாயின் ஒரு பக்கத்தைப் பிய்த்தார்கள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் அவர்கள் காலில் கொட்டியது. பீம்ராவ் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினான்.

உறிஞ்சி ஒருமுறை குலுங்கி நின்றது. அந்த அமைதி மூவருக்கும் புதிதாக இருந்தது. காதுக்குள் என்னவோ அடைத்துக்கொண்ட மாதிரி தோன்றியது. ஜெரினா எழுந்து போய் ஜன்னலில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தாள். கடல் காற்று உள்ளே வந்தது.

டொக்.

"பாத்தியா?" என்றார் சௌக்கத் அலி, வெற்றி பெற்றவர் போல. "கரண்ட் இல்லாமயே தட்டுது. அவ்ளோ கோளாறு இதுல."

பீம்ராவ் உறிஞ்சியின் மீது கை வைத்துப் பார்த்தான். பிறகு சௌக்கத் அலியை ஒருமாதிரி பார்த்தான். மெசினை விட்டு நகர்ந்து, ஈரச் சுவரில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். அவன் கன்னத்தில் சுண்ணாம்பு அப்பியது.

"பாய்" என்றான் மெதுவாக. "மெசின் நல்லாத்தான் கீது. அந்தப் பக்கத்துலேந்து யாரோ 'சௌக்கத்து, சௌக்கத்து'ன்னு உங்களத்தான் கூப்ட்டுகினு கீறாங்க."