யாளி மாமியின் இரவல் வீணை

அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் உத்தரவு இல்லாமல்கூட ஏதாவது காரியம் நடந்துவிடும். யாளி மாமியின் உத்தரவு இல்லாமல், கிழக்கேகோட்டைக்குள் எங்கள் தெருவில் யாரும் பெண் பார்த்துவிட முடியாது. காரணம் எளிது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஸ்வரத்துக்கும் சொரக்காய்க்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலும், "பெண்ணுக்கு வீணை வருமோ?" என்று கேட்காமல் சொஜ்ஜியைத் தொடமாட்டார்கள். தெருவிலோ வீணை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாமியுடையது.

மாமியின் உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வீணையின் நுனியில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு யாளி முகம் இருக்கும். இரவல் கேட்டுப் போகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு மாமியைப் பார்ப்பார்கள், இரண்டில் எது சாந்தம் என்று யோசிப்பார்கள். பெயர் அப்படி வந்தது.

தஞ்சாவூரில் ஒரே பலாமரத்தைக் குடைந்து செய்த வீணை அது. மாமியின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதை விற்றால் வலியசாலையில் சின்னதாக ஒரு வீடே வாங்கலாம் என்று ஊரில் பேச்சு. இத்தனை விலை உசந்த வாத்தியத்தை இரவல் கொடுக்கலாமா கூடாதா என்று தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதிக்கும். வீணை இல்லாதவர்கள் எல்லோரும் கொடுக்கலாம் கட்சி. மாமியின் கணவர் மட்டும் கூடாது கட்சி. ஏனென்றால் சுமப்பவர் அவர்.

கொடுக்கமாட்டேன் என்று மாமி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தெரு வேறு வழி பார்த்துப் பிழைத்திருக்கும். கொடுப்பார், கூடவே தானும் வருவார். மாமா வீணையின் குடத்தைப் பிடித்துக்கொள்ள, மாமி யாளிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, இருவரும் நடு வீதியில் நடந்து வருவார்கள். பத்மநாபசுவாமியின் ஆறாட்டுக்கு அடுத்தபடியாக எங்கள் தெரு ஒதுங்கி நின்று வழிவிட்ட ஊர்வலம் அதுதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமியை "பெண்ணின் அத்தை" என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். அந்த வகையில் மாமிக்கு எங்கள் தெருவில் மட்டும் பதினேழு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள்.

ஒருமுறை ஒரு வக்கீல் மாப்பிள்ளை, பெண் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நண்பனிடம் ஏதோ கேஸைப் பற்றிப் பேசினான். மாமி எழுந்தார். பெண்ணின் மடியிலிருந்து வீணையைத் தூக்கினார்.

"கச்சேரி ஆயிடுத்து. இனி பஜ்ஜியைத் தின்னுண்டு சாவகாசமா பேசுங்கோ."

சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அந்த வக்கீல் பிற்காலத்தில் ஜட்ஜ் பேசும்போதும் குறுக்கே பேசிப் பேர் வாங்கினார் என்று கேள்வி.

இன்னொரு சமயம் நவராத்திரிக்கு வாசிக்க வந்த ஒரு வித்வானே மாமி வீட்டுக்கு வந்துவிட்டார். ரயில் வெயிலில் அவர் வீணையின் மெழுகு இளகி, அதில் பதித்த மெட்டுக் கம்பிகளெல்லாம் இடம் மாறிவிட்டன. தெருவே வாசலில் திரண்டது. மாமி அவரைப் பத்து நிமிஷம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணில் ஜலம்கூட வந்தது. துடைத்துக்கொண்டு, "கை அமிர்தம். ஆனா தரமாட்டேன். வாயில வெத்தலை இருக்கு. ஒரு சொட்டு விழுந்தாலும் நான் தாங்கமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ரெண்டு வர்ணம் தெரிஞ்ச குட்டிகளுக்கெல்லாம் கொடுக்கறேள், இவ்வளவு பெரிய வித்வானுக்கு இல்லையா மாமி?" என்று நான் கேட்டேன்.

"அவருக்கு இந்த ஊர்ல யார் வேணும்னாலும் கொடுப்பா. குட்டிகளுக்கு யார் கொடுப்பா?"

இப்படிப்பட்டவரிடம் என் தங்கை ருக்குவுக்காக வீணை கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அப்போதுதான் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ருக்குவை அதற்குமுன் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் உயரம் என்றார், ஒருவர் குட்டை என்றார். இடைப்பட்ட நாளில் அவள் வளரவுமில்லை, குறையவுமில்லை. "இந்தத் தடவையும் வேண்டாம்னு போனா, இனி யார் வந்தாலும் நான் கூடத்துக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் அல்ல.

"பையன் என்ன பண்றான்?" என்றார் மாமி.

"நாகர்கோவில்ல மராமத்து ஆபீஸ், மாமி."

"வெத்தலை போடுவானோ?"

"தெரியாது."

"தெரியாதா? தங்கையைக் கொடுக்கப் போறாய், அவன் வாய்க்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதா? போடா, விசாரிச்சிண்டு வா."

நாகர்கோவிலுக்குக் கார்டு போட்டேன். குலம், கோத்திரம், சம்பளம் எதுவும் கேட்காமல் வெற்றிலையை மட்டும் விசாரித்த பெண் வீட்டார் நாங்களாகத்தான் இருப்போம். வெற்றிலை கிடையாது என்று பதில் வந்ததும் வீணை ஊர்வலம் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டது.

மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். ருக்கு தனக்குத் தெரிந்த ஒரே கீர்த்தனையை வாசித்தாள். சரணத்தில் ஓரிடத்தில் தடுக்கிற்று. மாப்பிள்ளை கையில் எடுத்த நேந்திரங்காய் வறுவலைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, மாப்பிள்ளையின் அம்மா வீணையைத் தடவிப் பார்த்தார்.

"வீணை பேஷா இருக்கே! பொண்ணோட வந்துடுமோல்லியோ?"

என் அப்பா ஆபீஸ் ஃபைலில் ஒரு கமாவைக்கூடப் பொய்யாகப் போடாதவர். அன்றைக்கு என்ன தோன்றிற்றோ, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வராம பின்னே?" என்று சொல்லிவிட்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். ருக்குவின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அப்பா பொய்யர். சொல்லாவிட்டால் வீணை நாகர்கோவிலுக்கு. நான் யாளியைப் பார்த்தேன். பிறகு மாமியைப் பார்த்தேன்.

மாமி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார்.

"வரும், கேட்டேளா. ஆனா வீணையைத் தனியா அனுப்பற வழக்கம் எங்களுக்குக் கெடையாது. அது எங்கேயோ, நானும் அங்கேதான். கொழந்தையோட நாங்களும் வந்துடுவோம்."

"நீங்களா?"

"நானும் எங்காத்துக்காரரும். காலம்பற நாலு மணிக்கு நான் வீணை சாதகம் ஆரம்பிப்பேன். அப்போ ஆத்துல ஒருத்தர் இருமப்படாது. ரெண்டாம் டிகாக்‌ஷன் எனக்கு ஆகாது. உங்காத்துல வெத்தலை போடறவா யாராவது உண்டோ?"

தாய்மாமன் இடது கன்னத்தில் அடக்கியிருந்ததை அவசரமாக விழுங்கினார். விழுங்கக்கூடாத சமாசாரம் என்பது அவர் கண் பிதுங்கியதில் தெரிந்தது.

"ஐயோ, வீணையெல்லாம் எதுக்கு? எங்களுக்குப் பொண்ணு வந்தா மதி, அதுவே போரும்!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். குனிந்திருந்த ருக்குவின் தோள்களும் குலுங்கின. இரண்டு பேரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தது அப்போதுதான். அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். மாமி அதை மட்டும் பெரிய மனசு பண்ணி அனுமதித்தார்.

அவர்கள் போனதும் அப்பா கைகூப்பினார். "மாமி, க்ஷமிக்கணும். என் வாயில எப்படி அந்த வார்த்தை வந்ததுன்னு..."

"ஒரு பொய்யைக் காப்பாத்தியாச்சு. ரெண்டாவது வேண்டாம்" என்றார் மாமி. "பையன் வறுவலைக் கடிக்காம கேட்டான். அது போரும். சரணத்துல தப்பு வந்தது அவனுக்குத் தெரியலை. அது இன்னும் நல்லது."

கல்யாணம் முடிந்து ருக்கு நாகர்கோவில் போனாள். இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. வீடு பெரிது, மாமியார் தங்கம், சௌக்கியம் என்று நான்கு பக்கம். வாசித்துக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று மாமி வீட்டுக்கு எடுத்துப் போனேன். மாமி கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"தனியா உக்காந்து அழறாளாமா?"

"அப்படி ஒண்ணும் எழுதலையே, மாமி."

"எழுதமாட்டா" என்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ஒரு பீங்கான் பரணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து வரைக்கும் கடுமாங்காய் ஊறுகாய். என் கையில் வைத்தார்.

"நாகர்கோவில் பஸ்ல தெரிஞ்சவா யாராவது போனா கொடுத்து அனுப்பு. பரணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்னு எழுதிடு."