பெட்டிசக்காரருக்குக் கிடைத்த பூச்சியம்

கண்டியில் பெட்டிசக்காரரின் பெட்டிசம் போய்ச் சேராத அலுவலகம் ஒன்றுகூட இருந்ததில்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரே மரத்தடியில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவர். ஆள் வராத நாளில் தனக்கே எழுதிக்கொள்வார். வாவிக்கரைக் குரங்கு தன் தொப்பியைப் பறித்ததற்கு மூன்று பக்கம் எழுதியவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனத்தில் வந்து, மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒருநாள் ஒன்று வந்தது. கொண்டுவந்தது அவருடைய மகள் ராஜி.

"பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் மேற்படி சிறுமி தகப்பனாகிய என் பொறுப்பில் இருப்பவள். அந்நேரத்தில் அவளுக்குப் பிரித்தல் கணக்குக் கொடுக்கத் தங்களுக்கு உரித்து உண்டா என்பதைத் தயவுடன் அறியத்தரவும். பிரதிகள்: அதிபர், கல்வி அமைச்சர்."

அமைச்சர் என்றதும் எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மரத்தடிக்குப் போனேன்.

"வாங்க டீச்சர்." கதிரையைத் துடைத்துப் போட்டார். "பள்ளிக்கூடத்துல அவ்வளவு நேரம் படிச்சுக் குடுக்கிறீங்க. பொறகு வீட்டுப்பாடம் எதுக்கு?"

"பிள்ளை தனியச் செய்து பாக்கத்தான், ஐயா."

"தனியாவா?" திடுக்கிட்டுப் போனார். "மூணு மாசமா நான்தானே செஞ்சு குடுக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராஜி வகுப்பில் செய்வதெல்லாம் சரியாக இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவருவதெல்லாம் பிழை. போன கிழமை பத்துக்குப் பூச்சியம் போட்டிருந்தேன்.

"அப்ப அந்தப் பூச்சியம்..."

"எனக்குத்தான்." குரலைத் தாழ்த்தினார். "புசல்லாவையில தேயிலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்போட நின்னவன் டீச்சர். பிரித்தல் வரைக்கும் போகல. டைப்பெல்லாம் நானாப் பழகினது. புள்ளைக்கு இது தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத் திரியுது."

எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவளே செய்யட்டும். பிழை விட்டாலும் விடட்டும், ஐயா. அதைப் பாத்துத்தான் அவளுக்கு என்ன விளங்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் பக்கத்திலை இருந்தாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

"சும்மாவா?"

"தெரியாததை அவளிட்டையே கேளுங்கோ."

தட்டச்சு இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகினார். பிறகு மெதுவாக, "மந்திரிக்குப் பிரதி காலையிலேயே போயிருச்சே, டீச்சர்," என்றார். என் கண் முன்னாலேயே வாபஸ் பெட்டிசம் ஒன்று அடித்தார். அதற்கும் இரண்டு பிரதிகள்.

மறுநாள் ராஜியின் கொப்பியில் பத்துக்கு ஆறு சரி. அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. நாலு பிழையையும் அவளைப் பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு மாலை, மழைக்குள் அவர்கள் வீட்டைக் கடந்து போனேன். ஜன்னல் திறந்திருந்தது. ராஜி கதிரையில், பெட்டிசக்காரர் தரையில், கையில் பென்சிலோடு.

"மிச்சம் வந்தா அத விட்டுடணும்ப்பா. அது நமக்கு வேணாம்."

"சரிங்க டீச்சர்," என்று பணிவாக எழுதிக்கொண்டார்.

அவள் சொல்லிக் கொடுத்தது முழுப் பிழை. உள்ளே போய்த் திருத்த மனம் வரவில்லை. குடையைச் சாய்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்துவிட்டேன்.